ஒரு குப்பைமேட்டை மூன்று முறை அள்ளிய கதை

குப்பை கொட்டும் வண்டிகள் நுழையாமல் வழியில் கம்பம் நட்டு இன்றோடு 16 வாரம். காலையில் வழக்கம்போல நாலு பேர் போய் அரை மணி நேரம் பொறுக்கினோம். மொத்தம் 9 துண்டு: ஐந்து சிகரெட் முனை, இரண்டு தின்பண்ட உறை, ஒரு தண்ணீர் பாட்டில், ஓர் அறுந்த செருப்பு வார். இதே இடத்தில் போன வருடம் முழங்காலைத் தொடும் அளவுக்குக் குப்பை கிடந்தது. இரண்டு முறை அள்ளினோம், இரண்டு முறையும் தோற்றோம். மூன்றாவது முறைதான் நின்றிருக்கிறது. 16 வாரம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. ஆனால் முன்பு 12 நாள்கூடத் தாங்காத இடம் இது. அதனால்தான் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலைக்கும் ஓடைக்கும் நடுவே உள்ள பொது நிலம். பின்னால் நீளமான மதில். அந்தப் பக்கம் பார்த்த வீடு ஒன்றுகூட இல்லை. சாலையிலிருந்து உள்ளே போக இரண்டு மரங்களுக்கு இடையே 3.2 மீட்டர் இடைவெளி. ஒரே ஒரு தெருவிளக்கு, அதுவும் பாதி நாள் எரியாது. வண்டியைப் பின்னால் எடுத்து, கொட்டிவிட்டு, இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிடலாம். இதெல்லாம் எங்களுக்கு முதல் நாளே கண்ணில் பட்டது. ஆனால் குப்பையைப் பார்த்தோமே தவிர, வண்டி வரும் வழியைப் பார்க்கவில்லை.

முதல் முறை

நிலம் யாருடையது என்று கண்டுபிடித்து, எழுத்தில் அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது. அது வீண் இல்லை. அனுமதிக் கடிதம் கையில் இருந்ததால்தான் பின்னால் கம்பம் நட முடிந்தது.

அளவெடுத்ததில்தான் முதல் தப்பு. டேப் வைத்துப் பார்த்தேன்: நீளம் 22 மீட்டர், அகலம் 2.5 மீட்டர், உயரம் சராசரியாக 30 செ.மீ. பெருக்கினால் 16.5 கன மீட்டர். டிராக்டர் ட்ரெய்லர் ஒரு நடைக்கு 3 கன மீட்டர் ஏற்றும் என்றார்கள். ஆறு நடையில் முடிந்துவிடும் என்று எழுதிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அளந்திருக்கிறேன் என்று அப்போது தெரியாது. பல வருடம் கொட்டி, மழையில் அமுங்கி, அதன்மேல் புல் முளைத்து, இன்னொரு 25 செ.மீ. கீழே இருந்தது. ஓர் இரும்புக் கம்பியை நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்திருந்தால் போதும். நல்ல மண்ணில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். குப்பையில் நரநரவென்று சிக்கிச் சிக்கி இறங்கும். கைக்கே வித்தியாசம் தெரியும்.

அழைப்பு கொடுத்தபோது 15 பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தோம். 42 பேர் வந்தார்கள். மனசு நிறைந்துவிட்டது. எஸ்டோனியாவில் 2008 மே 3 அன்று சுமார் 50,000 பேர் ஒரே நாளில் இறங்கி 10,000 டன் குப்பையை அகற்றினார்கள் என்று படித்ததுதான் எங்களுக்கு உந்துதல். ஆள் சேர்ந்தால் ஆகாதது இல்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். அந்த ஒரு நாளுக்கு முன்னால் அவர்கள் மாதக்கணக்கில் நாடு முழுவதும் சுற்றி, எங்கெங்கே குப்பை கிடக்கிறது என்று 10,000-க்கும் மேற்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்திருந்தார்கள். அதையும் நான் படித்திருந்தேன். ஆனால் படித்ததோடு சரி.

மூன்று மணி நேரம் வேலை. 186 சாக்கு. ஆளுக்கு நாலரை சாக்குகூட வரவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது, இன்னொருவர் போட வேண்டியிருந்தது. பாதிப் பேரின் வேலை சாக்கு பிடிப்பதிலேயே போய்விட்டது. போதாததற்கு ஏழு வகையாகப் பிரிக்கச் சொல்லியிருந்தோம். சேறு ஒட்டிய ஒரு பையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த வகை என்று கேட்டபடி ஆள்கள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

கையுறை விஷயத்தில் செய்தது மன்னிக்க முடியாத சிக்கனம். மெல்லிய ரப்பர் கையுறை வாங்கியிருந்தோம். 20 நிமிடத்தில் விரல் நுனி கிழிய ஆரம்பித்தது. ஒரு இளைஞர், சாக்கில் இன்னும் கொஞ்சம் இடம் பண்ணலாம் என்று உள்ளே கையை வைத்து அமுக்கினார். கையை வெளியே எடுத்தபோது கையுறையின் உள்ளங்கைப் பகுதியில் ஒரு நேர்கோடு. ரத்தம் உடனே வரவில்லை. இரண்டு வினாடி கழித்து அந்தக் கோடு முழுக்கச் சிவந்தது. உடைந்த டியூப்லைட் கண்ணாடி. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துப் போய், தையலும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக் கூட்டி வந்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம்: சாக்கைக் கையாலும் அமுக்கக் கூடாது, காலாலும் அமுக்கக் கூடாது. முக்கால் நிரம்பினால் கட்டிவிட வேண்டும்.

அதே நாளில் இன்னொரு பயம். பழைய நெளி ஷீட் ஒன்று சாக்கில் நுழையவில்லை என்று ஒருவர் சுத்தியலால் உடைக்கத் தொடங்கினார். ஆஸ்பெஸ்டாஸ். ஓடிப் போய் நிறுத்தினேன். அந்த நார்த்தூசு நுரையீரலில் இறங்கினால் நோய் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகலாம். அதனால் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி நிம்மதி அடைய முடியாது. ஷீட்டை அப்படியே விட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிக் கயிறு கட்டினோம். பிறகு பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். தன்னார்வலர்கள் தொடவே கூடாத பொருள்கள் எவை என்று வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். நாங்கள் அந்த ஐந்து நிமிடத்தில் குழுப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இவ்வளவும் நடந்த பிறகு உண்மையான தோல்வி காத்திருந்தது. சாக்குகளை எடுத்துப் போக வண்டி அன்று மாலை வரும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒன்பதாவது நாள் வந்தது. அதற்குள் நாய்கள் சாக்குகளைக் கிழித்திருந்தன. வரிசையாக அடுக்கியிருந்த சாக்குகளைப் பார்த்தவர்கள் இங்கே குப்பை எடுக்கிறார்கள் போல என்று தங்கள் வீட்டுப் பைகளையும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படித்தான் அது தெரிந்தது. ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்று நாங்கள் நட்ட பலகையின் காலடியிலேயே அடுத்த குவியல் தொடங்கியது.

இரண்டு முறைகளுக்கு நடுவே

இரண்டு மாதம் இடைவெளி விட்டோம். அந்த நாள்களில் செய்த சின்னச் சின்ன வேலைகள்தான் பின்னால் கை கொடுத்தன.

சாக்கின் வாயைத் திறந்து வைக்க ஒரு சட்டகம் வேண்டும். முதலில் ஒரு அங்குல பிவிசி குழாயில் நாலு கால் வைத்துச் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. காற்றில் சாய்ந்தது, இரண்டாம் மணி நேரத்தில் எல்போ கழன்றது. இரண்டு மாலைப் பொழுது வீண். அப்புறம் ஒரு நண்பர் சொன்ன வழி: 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட வேண்டும். சாக்கின் அகலம் 55 செ.மீ. என்றால் வாயின் விட்டம் 35 செ.மீ. வரும். பக்கெட்டின் விட்டம் சுமார் 30. பக்கெட்டைச் சாக்கின் வாய்க்குள் இறக்கி, சாக்கின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, இரண்டு பக்கமும் துணி கிளிப் போட்டால் போதும். சாக்கு தானாகவே நிற்கும். கண்ணாடி விளிம்பு கையில் படாது. நிரம்பியதும் பக்கெட்டை உருவி அடுத்த சாக்குக்கு மாற்றலாம். இப்படிப் பத்து செய்தோம். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சாக்கைக் கிழிக்கும்.

கையுறையை மாற்றினோம். உள்ளங்கையில் நைட்ரைல் பூச்சு உள்ள நூல் கையுறை. இது கண்ணாடிக்கு ஓரளவு தாங்கும், ஊசிக்குத் தாங்காது. ஊசிக்கு எந்தக் கையுறையும் போதாது என்று வைத்துக்கொள்வதே நல்லது. அதற்காக நீள இடுக்கி இரண்டு, திருகு மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் கேன் ஒன்று. கேனைக் கையில் பிடிக்கக் கூடாது. தரையில் வைத்து, இடுக்கியால் ஊசியைக் கூர்முனை கீழே இருக்கும்படி போட வேண்டும். ஊசியிலிருந்து கழன்ற மூடியைத் திரும்பப் போட முயலக் கூடாது. யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்கவோ உறிஞ்சவோ வேண்டாம். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டாம் முறை எங்களுக்கு மூன்று ஊசிகள் கிடைத்தன. மூன்றும் கேனுக்குள் போயின.

வண்டியை இந்த முறை முதலில் உறுதி செய்தோம், பிறகுதான் ஆள்களை அழைத்தோம். எந்த இடத்தில் கொட்ட வேண்டும், அங்கே யார் கையெழுத்துப் போடுவார், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதெல்லாம் தாளில் எழுதி வாங்கினோம். அந்தத் தாளில் ‘மாலை 5 மணி வரை’ என்று ஒரு வரி இருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாம் முறை

முதல் நாள் 27 பேர், ஐந்து மணி நேரம். இரண்டாம் நாள் 14 பேர், நாலு மணி நேரம். வந்தவர்கள் குறைந்தார்கள், வேலை கூடியது. பக்கெட் வளையங்கள் வந்த பிறகு சாக்கு பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. பிரிப்பதை நாலு வகையாகச் சுருக்கினோம்: கட்டட இடிபாடு, விற்கக்கூடியது, ஆபத்தானது, மற்றவை. அதையும் பொறுக்குகிறவர்கள் செய்யவில்லை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய் ஒன்றை விரித்து நாலு பேர் அதில் நின்று பிரித்தார்கள். விற்கக்கூடியது என்று நாங்கள் நினைத்ததில் முக்கால்வாசியைப் பழைய சாமான் வாங்குபவர் தொடவில்லை. சேறு காய்ந்து ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் உறையை யாரும் வாங்க மாட்டார்கள். இரும்பு, உடையாத கண்ணாடிப் பாட்டில், கொஞ்சம் பெட் பாட்டில், அவ்வளவுதான் போனது. மறுசுழற்சிக்கு அனுப்புகிறோம் என்று அழைப்பில் பெரிதாக எழுதியிருந்தோம். அந்த வரியை அடுத்த அழைப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

டயர் 14 இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர், புழு நெளிந்தது. தண்ணீரை ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், வெயில் படும் காய்ந்த மண்ணில் கவிழ்த்தோம். புழு சாகும். ஆனால் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டயரின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரித்துவிடும். அதனால் உள்பக்கத்தைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, மழை படாமல் மூடித்தான் அனுப்பினோம்.

கீழே அமுங்கியிருந்த அடுக்கைக் கடப்பாரையால் எடுக்கலாம் என்பது என் பிடிவாதம். ஒன்றரை மணி நேரம் குத்தினோம். ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டில் அளவுக்கு இடம்கூடத் திறக்கவில்லை. கடைசியில் மண் அள்ளும் இயந்திரத்தை நாலு மணி நேரத்துக்குக் கூப்பிட்டோம். வேலை பறந்தது. ஆனால் மேல்பரப்பை முழுசாகப் பொறுக்கி முடிக்கும் முன்பே இயந்திரத்தை இறக்கிவிட்டோம். வாளியின் பற்கள் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து மண்ணோடு பிசைந்துவிட்டன. அந்த மண்ணிலிருந்து துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன்: கையால் பொறுக்கி முடித்த பிறகே இயந்திரம்.

தோண்டியெடுத்தால் மண்ணும் காரையும் தளர்ந்து கால் பங்குக்கு மேல் அளவு கூடிவிடும். அதையும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு நடை என்று நினைத்தது 11 நடை ஆனது. அதில் ஐந்து நடை வெறும் கட்டட இடிபாடு. நாலு நடை கலப்புக் குப்பை, ஒன்று மரக்கிளை, ஒன்றில் டயரும் மெத்தையும்.

இங்கேதான் எனக்குக் கண் திறந்தது. 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா இருவரும் தொடங்கிய கடற்கரைத் துப்புரவில், வந்தவர்களைப் பொறுக்க மட்டும் சொல்லாமல், எடுத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறிக்கச் சொன்னார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவாக வளர்ந்தது. அங்கே பல வருடம் எண்ணிக்கையில் முதலிடம் சிகரெட் முனைக்கு. அது பஞ்சு மாதிரி இருந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். நாங்களும் அதேபோல அட்டை போட்டோம். எங்கள் அட்டையிலும் சிகரெட் முனையும் தின்பண்ட உறையும்தான் முன்னால் நின்றன. அட்டையை மட்டும் பார்த்திருந்தால் வழியில் போகிறவர்கள்தான் காரணம் என்று முடிவு கட்டி, குப்பைத் தொட்டி வைத்துவிட்டு வந்திருப்போம்.

நல்ல வேளையாக இரண்டு ட்ரெய்லரை எடை மேடையில் ஏற்றியிருந்தோம். கலப்புக் குப்பை ஏற்றியது 640 கிலோ. இடிபாடு ஏற்றியது 3,400 கிலோ. அந்தக் கணக்கில் ஐந்து நடை இடிபாடு 17 டன், நாலு நடை கலப்புக் குப்பை இரண்டரை டன். எண்ணிக்கையில் பார்த்தால் நடந்து போகிறவர்கள் போட்டது, எடையில் பார்த்தால் வண்டியில் வந்து கொட்டியது. உடைந்த டைல்ஸ், பழைய சிங்க், சிமென்ட் பை, கழிவறைக் கோப்பை. ஒரே இடத்தில் இரண்டு வேறு தவறுகள் நடந்துகொண்டிருந்தன, நாங்கள் இரண்டுக்கும் ஒரே பலகையை நட்டிருந்தோம்.

இது புரிந்தும் அன்று ஒன்றும் செய்யவில்லை. சுத்தமான இடத்தைப் பார்த்த சந்தோஷம், உடம்பு வலி, வீட்டுக்குப் போய்விட்டோம். 12-வது நாள் காலையில் ஒரு ட்ரெய்லர் டைல்ஸ் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டைல்ஸ் அட்டைப்பெட்டி

அந்தக் குவியலில் ஒரு அட்டைப்பெட்டியின்மேல் டெலிவரி சீட்டு ஒட்டியிருந்தது. முகவரி தெளிவாக இருந்தது. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நேரில் போனேன். வயதான அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். சீட்டைக் காட்டிச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“தம்பி, நான் சும்மாவா அனுப்பினேன்? கொண்டு போறதுக்குன்னு தனியா காசு கொடுத்தேனே. எங்கே கொட்டுவீங்கன்னு கேட்கணும்னு தோணலையே.”

“உங்களைக் குறை சொல்ல வரலம்மா. வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், அவ்வளவுதான்.”

எண் கொடுத்தார். வண்டி ஓட்டுபவர் மறுக்கவில்லை. “வேலை முடிஞ்சு லோடு ஏத்தறப்பவே ஏழு மணி ஆயிடுதுங்க. இடிபாடு கொட்டற யார்டை அஞ்சு மணிக்குப் பூட்டிடறாங்க. லோடோட வண்டியை ராத்திரி முழுக்க எங்கே நிறுத்தறது?” என்று கேட்டார். அந்தத் தாளில் நான் கவனிக்காமல் விட்ட வரி அப்போது ஞாபகம் வந்தது.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் உண்மை. அடுத்த பத்து நாள் மாலையில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து, தூரத்தில் நின்று, வந்து போகும் வண்டிகளின் நேரத்தை மட்டும் குறித்தோம். யாரையும் தடுக்கவில்லை, சண்டை போடவில்லை. தனியாகப் போய்த் தட்டிக் கேட்பது ஆபத்து, அதை யாரும் செய்ய வேண்டாம். நாலு வண்டி வந்தது. நாலும் மாலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே. அந்த நேரப் பட்டியலையும் எடை மேடைச் சீட்டையும் இணைத்து, இடிபாடு எடுக்கும் இடத்தை வாரத்தில் இரண்டு நாள் இரவு 8 மணி வரை திறந்து வைக்கக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினோம். நாலு வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள். வெறும் புகாராக எழுதியிருந்தால் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். கேட்டது சின்னதாக இருந்தது, கணக்கு கையில் இருந்தது.

மூன்றாம் முறை

புதிதாகக் கொட்டியதை எட்டுப் பேர் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். இடிபாட்டைச் சாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பவில்லை. அதற்கு மேல் போனால் ஒருவர் தூக்க முடியாது, சாக்கின் அடியும் பிய்ந்துவிடும். தொங்கு தராசில் மாட்டி 15 கிலோ தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

பிறகு வழியை அடைத்தோம். முதலில் பெரிய கற்களை உருட்டி வைத்தோம். 60 செ.மீ. கல் நகராது என்று நினைத்தது தப்பு. ஒரு வாரத்தில் இரண்டு கல் ஓரமாகக் கிடந்தன. கடப்பாரை இருந்தால் ஒரே ஆள் போதும். அதனால் இரும்புக் குழாய்க் கம்பம். 10 செ.மீ. விட்டம், 1.5 மீட்டர் நீளம், அதில் 60 செ.மீ. மண்ணுக்குள். குழி 30 செ.மீ. அகலம். கான்கிரீட் 1:2:4, அதாவது சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு.

மூன்று கம்பம் என்றுதான் முதலில் சுண்ணாம்பால் குறித்தோம். குழாய்களின் தடிமனைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வோர் இடைவெளியும் 72 செ.மீ.தான் வந்தது. சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும். ஓடைப் பக்கம் நடக்க வருகிறவர்களையும் சேர்த்து அடைத்துவிட்டால் அந்த இடம் மறுபடி ஆளில்லாத இடமாகிவிடும். ஆள் நடமாட்டம் இல்லாததுதான் கொட்டுகிறவர்களுக்கு வசதி. எனவே இரண்டே கம்பம், இடைவெளி ஒரு மீட்டர். ஒன்றைப் பூட்டுப் போட்டுக் கழற்றும்படி குழிக்குள் வெளிக்குழாய் பதித்து வைத்தோம், பராமரிப்பு வண்டி உள்ளே போக வேண்டுமே. தள்ளுவண்டியைத் தடுக்க வழியில்லை, அதை ஏற்றுக்கொண்டோம்.

கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட்டு, சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே கயிற்றை அவிழ்த்துவிட்டோம். யாரோ வண்டியால் இடித்திருக்கிறார்கள், இடது கம்பம் சாய்ந்துவிட்டது. இன்றும் சாய்ந்தே நிற்கிறது.

குப்பைத் தொட்டி தனிக் கதை. மதில் ஓரமாக வைத்தபோது யாரும் 40 மீட்டர் நடந்து போய்ப் போடவில்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஆறே மீட்டரில், மூடியோடு வைத்ததும் நிரம்ப ஆரம்பித்தது. தினமும் அந்தத் தெருவில் வரும் தூய்மைப் பணியாளர்களிடம் முதலில் பேசி, அவர்கள் வண்டி நிற்கும் பக்கமாகவே வைத்தோம். காலி செய்ய ஆள் இல்லாத தொட்டியை வைப்பதைவிட வைக்காமல் இருப்பது மேல்.

கடைசி வேலை, சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம். எது புதிதாக விழுந்தாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். கார் கண்ணாடியில் துண்டுச் சீட்டைச் செருகி வைத்தால், தரை குப்பையாக இருந்தபோது 32 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள், சுத்தமாக இருந்தபோது 14 சதவீதம். எங்கள் நோட்டில் வாரக் கணக்கு 61, 38, 40, 22 என்று இறங்கி, கடந்த ஐந்து வாரமாக 15-ஐத் தாண்டவில்லை. நடுவே 40 வந்தது ஒரு விடுமுறை வாரம். மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015-இல் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய துப்புரவும் ஒரு நாளோடு முடியவில்லை, வாரந்தோறும் நடந்தது. முன்பெல்லாம் அதைப் படிக்கும்போது எவ்வளவு டன் அள்ளினார்கள் என்பதில்தான் என் கண் போகும். இப்போது அந்த ‘வாரந்தோறும்’ என்ற சொல்லில் நிற்கிறது.

கணக்கு

உழைப்பைக் கூட்டிப் பார்த்தேன். முதல் முறை 126 மணி நேரம். இரண்டாம் முறை 191. மூன்றாம் முறை, கம்பம் நட 30, அள்ள 16, 16 வாரப் பொறுக்கல் 32, ஆக 78. மாலையில் நின்று பார்த்த பத்து மணி நேரத்தையும் சேர்த்தால் 88. இரண்டாம் முறை 11 நடை போகாமல் இருந்திருந்தால் மூன்றாவது நடந்திருக்காது, அதனால் அந்த 191-ஐ வீண் என்று சொல்ல மாட்டேன். முதல் 126-இல் பெரும்பகுதி வீண்தான். வந்த 42 பேரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. சாக்குகள் ஒன்பது நாள் கிடந்ததைப் பார்த்துவிட்டு யார் வருவார்கள்? அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பணச் செலவில் பாதி ட்ரெய்லருக்கு, கால்வாசி இயந்திரத்துக்கு. கம்பம், சிமென்ட், கையுறை, தார்ப்பாய் எல்லாம் மீதிக் காலில் அடங்கிவிட்டன.

ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் போன மாதம் கொஞ்சம் டைல்ஸ் பார்த்தேன். எங்கள் இடத்திலிருந்து நகர்ந்ததா, புதியதா என்று சொல்ல முடியவில்லை. யார்டு இரவு 8 மணி வரை திறந்திருப்பது வாரத்தில் இரண்டு நாள்தான், மற்ற ஐந்து நாளும் வண்டிகளுக்கு வேறு இடம் வேண்டும். மூன்றாவது நாளையும் நாலாவது நாளையும் கேட்பதற்காக, அந்த மனையிலும் இப்போது நேரம் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு வேலை இருக்கிறது. சாய்ந்த கம்பத்தை எடுத்து மறுபடி நட வேண்டும், இந்த முறை ஏழு நாளும் கயிறு அவிழாது. இன்னொன்று சல்லடை. மதில் ஓரமாக நாலு மீட்டர் நீளத்துக்கு இயந்திரம் பிசைந்த மண் அப்படியே இருக்கிறது. 90-க்கு 60 செ.மீ. மரச் சட்டத்தில் 12 மி.மீ. கம்பி வலை அடித்து, சாய்வாக நிறுத்தி, மண்வெட்டியால் மண்ணை வீசிச் சலித்துப் பார்க்கப் போகிறோம். நேற்று ஒரு சட்டி மண்ணைச் சும்மா கையில் சலித்ததில் 140 பிளாஸ்டிக் துணுக்கு வந்தது. ஈர மண் வலையில் அப்பிக்கொள்கிறது, அதனால் இரண்டு நாள் வெயிலில் கிளறிப் போட்டிருக்கிறேன்.